பாரம் இழுக்கும் கனரக பிக்கப் வண்டிகள்: அறிகுறி வழியே பழுது காணும் முறை

ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரோலே சில்வராடோ 3500 போன்ற ஒரு டன் வகுப்பு டீசல் பிக்கப் வண்டிகளில் டிரெய்லர் பூட்டி, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுசெல்வோருக்கான வழிமுறை இது. வண்டி வெறுமையாக ஓடும்போது எந்தக் குறையும் தெரியாமல் இருந்து, பாரம் ஏறியதும் வெளிப்படுகிற பழுதுகளே இதில் பெரிதும் பேசப்படுகின்றன. பாரம் இழுக்கும் வண்டியில் பழுது தேடும் பலர் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். எடையையும் இணைப்பையும் சரிபார்த்த பிறகே பானட்டில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பணத்தைத் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றியவர்களாகவே இருக்கிறார்கள்.

எந்த அறிகுறியானாலும் அது எப்போது தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சமதளத்திலா ஏற்றத்திலா இறக்கத்திலா, பிரேக் மிதிக்கும்போதா மிதிக்காதபோதா, பாரத்துடன் மட்டுமா வெறும் வண்டியிலுமா, புறப்பட்ட உடனேயா ஒரு மணி நேரம் ஓடிய பின்னரா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். டிரெய்லரைக் கழற்றியதும் மறைகிற குறையை டிரெய்லரிலும் இணைப்பிலும் எடைப் பங்கீட்டிலும்தான் முதலில் தேட வேண்டும்.

முதலில் எடை

டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைகள் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில்கள் ஆகிய மூன்றின் எடையையும் தனித்தனியே அச்சிட்டுத் தருகின்றன. பூட்டிய நிலையில் ஒரு முறையும், டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒரு முறையும் நிறுத்திப் பார்த்தால், வண்டியின் இரண்டு ஆக்சில்களிலும் கூடிய எடைதான் டிரெய்லரின் மூக்கு வண்டியின் மீது அழுத்தும் எடை. பம்பருக்குக் கீழுள்ள ஹிட்ச்சில் பூட்டும் பம்பர் வகை டிரெய்லரில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதமாகவும், வண்டிப் பெட்டிக்குள் பின் ஆக்சிலுக்கு மேலே பூட்டும் கூஸ்நெக், ஃபிஃப்த் வீல் வகைகளில் 15 முதல் 25 சதவீதமாகவும் இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் சொல்லப்படும் இழுவைத் திறனுக்கு வெகு முன்பாகவே பிக்கப் வண்டி தன் சுமை வரம்பை எட்டிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 14,000 பவுண்டு மொத்த எடைத் தகுதியுள்ள (வண்டியும் அதன் மேல் இறங்கும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை) இரட்டைப் பின்சக்கர வண்டி ஒன்று, நிறைந்த எரிபொருளுடன் 8,600 பவுண்டு இருக்கிறது என்று கொள்வோம். எஞ்சும் தாங்குதிறன் 5,400 பவுண்டு. அதில் 20,000 பவுண்டு கூஸ்நெக் டிரெய்லரைப் பூட்டினால், 20 சதவீதக் கணக்கில் 4,000 பவுண்டு பின்புறத்தில் இறங்குகிறது. இருவர் அமர்ந்தால் ஏறத்தாழ 400, சங்கிலிகளும் இறுக்கிகளும் கருவிகளும் 500, கூஸ்நெக் பந்து அமைப்பும் கருவிப் பெட்டியும் 200 என்று கூட்டினால் 5,100 ஆகிவிடும். மீதி 300 பவுண்டுதான். இந்த நிலையில் பெட்டியில் 60 காலன் கூடுதல் டீசல் தொட்டி பொருத்தினால், காலனுக்கு ஏறத்தாழ 7 பவுண்டு வீதம் எரிபொருள் மட்டுமே 420 பவுண்டு, வரம்பு மீறப்பட்டுவிட்டது. பின் டயர் சூடாவதற்கும், ஸ்டீயரிங் லேசாவதற்கும், இறக்கத்தில் பிரேக் திணறுவதற்கும் இந்தக் கணக்கே காரணமாக இருக்கும்போது பட்டறையில் எதை மாற்றியும் பயனில்லை.

சட்டக் கணக்கும் இதனோடு சேர்ந்தது. மாநிலங்களுக்கிடையே வணிகம் செய்யும்போது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் கூட்டாட்சி விதிகளின்படி அது வணிக வாகனமாகும். கூட்டுத் தகுதி 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லரின் தகுதி 10,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகுப்பு வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டு வண்டிக்கு அந்த உரிமம் கட்டாயம்.

அறிகுறி: டிரெய்லர் வாலை ஆட்டுகிறது

எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது இதுவே என்பதால், நிகழும் தருணத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆட்டத்தை எதிர்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள கைநெம்புகோலை மட்டும் அழுத்த வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் பின்னோக்கி இழுக்கும்போது இணைப்பு நேராகி ஆட்டம் அடங்கும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் தேடாமல் கை தானாக எட்டும் அளவுக்கு, நின்ற வண்டியில் பலமுறை பழகிக்கொள்வது நல்லது.

ஆட்டம் அடங்கிப் பாதுகாப்பாக நிறுத்திய பிறகு காரணம் தேடலாம். பம்பர் வகை டிரெய்லரில் மூக்கு எடை குறைவாக இருப்பதே முதல் சந்தேகம். சரக்கு பின்பக்கமாக ஏற்றப்பட்டிருந்தாலோ, வழியில் முன்பக்கச் சரக்கு மட்டும் இறக்கப்பட்டிருந்தாலோ 10 சதவீதம் என்ற அளவு சத்தமில்லாமல் 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் ஒழுங்காக ஓடிய டிரெய்லர் முதல் முறை சரக்கை இறக்கிய பிறகு ஆடத் தொடங்கினால், வேறு எதையும் பார்க்கும் முன் எஞ்சிய சரக்கை முன்னே நகர்த்திக் கட்ட வேண்டும்.

அடுத்து, டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்பதைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் எடை பின் ஆக்சிலுக்குப் போய்விடும். ஹிட்ச்சின் பந்து உயரத்தை இறக்கினால் இது சரியாகும். டயர் அழுத்தம் குறைந்தாலும், அது டிரெய்லர் டயரானாலும் வண்டியின் பின் டயரானாலும், பக்கச்சுவர் நெகிழ்ந்து ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். பெரிய டிரக் ஒன்று கடந்து செல்லும்போது மட்டும் ஓர் ஆட்டம் வந்து உடனே அடங்கிவிட்டால் அது காற்றின் தள்ளல். ஆட்டம் அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதானால்தான் பழுது.

எடையும் அழுத்தமும் சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால் டிரெய்லரின் ஆக்சில் கோணல்பட்டிருக்கலாம். ஹிட்ச் பந்தின் மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இடமுனைக்கும் வலமுனைக்கும் அளவுநாடா பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபாடு 1/8 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பட்டை வில் டிரெய்லர்களில் வில் தொங்கட்டான்களின் புஷ்கள் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிடுவதும் உண்டு. ஒரு கடப்பாரையை வைத்து நெம்பினால் அசைவு கண்ணுக்குத் தெரியும். கூஸ்நெக் டிரெய்லரின் பாரம் பின் ஆக்சிலின் நேர் மேலேயோ சற்று முன்னேயோ இறங்குவதால் அது எளிதில் ஆடாது. அப்படியும் ஆடினால் காற்று குறைந்த டயரையும் உடைந்த வில் தகட்டையும் தேட வேண்டும்.

அறிகுறி: ஸ்டீயரிங் லேசாகிறது, அல்லது முன்புறம் வெடவெடவென்று நடுங்குகிறது

இவை இரண்டும் வேறு வேறு பழுதுகள். ஸ்டீயரிங் மிதப்பதுபோல் லேசாக இருந்து, இரவில் எதிரே வருவோர் விளக்கைத் தாழ்த்தச் சொல்லிக் கண்சிமிட்டினால், பின்புறம் அமுங்கி முன்புறம் தூக்கியிருக்கிறது என்று பொருள். எடைமேடைச் சீட்டில் முன் ஆக்சில் எடை, வெறும் வண்டியின் அளவைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, மூக்கு எடையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கு மாற்றும் எடைப் பங்கீட்டு ஹிட்ச்சின் கம்பிகளை ஒரு கண்ணி கூட்டி இறுக்கலாம். பின்புறத்தில் காற்றுப்பை வைத்து உயர்த்துவது வண்டியை மட்டமாகக் காட்டும்; ஆனால் முன் ஆக்சிலுக்கு அது எடையைத் திருப்பித் தருவதில்லை, வண்டியின் எடைத் தகுதியையும் கூட்டுவதில்லை.

பாலத்தின் இணைப்பு போன்ற மேடு ஒன்றில் ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் நடுங்கி, வேகத்தைக் குறைத்தால் மட்டுமே அடங்குகிற நடுக்கம் வேறு. நான்குசக்கர இயக்கமுள்ள ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் கனரக வண்டிகளில் உள்ளது போன்ற முழு முன் ஆக்சில் அமைப்பில் இது நிகழ்கிறது. ஒருவர் நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து, முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். புஷ்ஷிலோ போல்ட்டிலோ பக்கவாட்டு அசைவு இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. பிறகு பால் ஜாயின்ட், டை ராட் முனைகள், டயர் சமநிலை என்ற வரிசையில் போகலாம். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாற்றினால் நடுக்கம் சில காலம் மறையும். தளர்ந்த பாகம் அப்படியே இருப்பதால் மீண்டும் வரும்.

அறிகுறி: ஏற்றத்தில் வெப்பமானி ஏறுகிறது

இழுவைத் திறனை ஒப்பிட வண்டி நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 தரமுறை, அரிசோனாவின் டேவிஸ் அணைக்கருகே செல்லும் 68ஆம் மாநில நெடுஞ்சாலையின் நீண்ட ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் கோடையில், குளிரூட்டியை (ஏசி) ஓடவிட்டபடியே அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். ஆகவே தகுதிக்கு உட்பட்ட பாரத்துடன், ஒழுங்காக உள்ள வண்டி ஏற்றத்தில் கொதிக்கக் கூடாது. கொதிக்கிறது என்றால் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

எந்த வெப்பம் ஏறுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூலன்ட் வெப்பம் ஏறும்போது முன்னால் ஃபேனின் உறுமல் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். கனரக டீசல் வண்டிகளில் ஃபேன் கிளட்ச் முழுதாகப் பிடித்தால், சன்னலை மூடியிருந்தாலும் அந்த உறுமல் தெளிவாகக் கேட்கும். வெப்பம் ஏறியும் உறுமல் வராவிட்டால் கிளட்ச்சோ அதன் மின்இணைப்போ பழுதாகியிருக்கிறது. உறுமல் வந்தும் வெப்பம் இறங்காவிட்டால் காற்று ரேடியேட்டரை எட்டவில்லை. குளிரூட்டியின் கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக நிற்கும் இவற்றுக்கிடையே பூச்சிகளும் புல்விதைகளும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொள்ளும். முன்னே நின்று பார்த்தால் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக, அதிக அழுத்தமில்லாத தண்ணீரால் கழுவினால் எவ்வளவு குப்பை வெளியே வருகிறது என்பதைப் பார்த்து வியப்பீர்கள்.

கூலன்ட் அளவு அடிக்கடி குறைந்து, வெளியே கசிவு எதுவும் தெரியாமல், இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினிலும் மேல் ஹோஸ் விறைப்பாகவே இருந்தால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். தொட்டியின் வாயில் வைத்து நிறமாற்றம் பார்க்கும் சோதனைத் திரவம் அதை உறுதிசெய்யும். ஹெட் கேஸ்கட் வேலை பெரிய வேலை. அந்தச் சோதனை செய்யாமல் யாரும் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

டிரான்ஸ்மிஷன் எண்ணெயின் வெப்பம் மட்டும் ஏறினால் கதை வேறு. குறைந்த வேகத்தில், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும் நிலையில் நீண்ட ஏற்றத்தை ஏறும்போது உண்டாகும் சூடு, நெடுஞ்சாலை வேகத்தில் உண்டாவதைவிட மிக அதிகம். எண்ணெய் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால், ஒரு கியர் இறக்கிக் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும் வேகத்தில் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் ஓரம்கட்டி, பார்க்கிங்கில் வைத்து எஞ்சினை ஆயிரத்துக்குச் சற்று மேலான சுழற்சியில் ஓடவிட்டால் எண்ணெய் கூலர் வழியே சுழன்று ஆறும். எஞ்சினை உடனே அணைத்துவிடுவதுதான் இங்கே தவறு. பாரம் அதே, பாதை அதே, முன்பு 200 டிகிரியில் நின்றது இப்போது 230 காட்டுகிறது என்றால் எண்ணெய் அளவை உற்பத்தியாளர் சொன்ன சூட்டில் அளக்க வேண்டும். எண்ணெய் கருத்துக் கருகிய வாடை வீசினால் உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்குகின்றன. சில வண்டிகளில் கூலருக்குப் போகும் குழாயில் ஒரு வெப்ப வால்வு இருக்கிறது. அது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் கூலரின் இரு குழாய்களில் ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருக்கும்.

அறிகுறி: ஏற்றத்தில் இழுவை குறைகிறது

இழுவை குறைந்து, கரும்புகை வந்து, பானட்டுக்குள் சீறல் ஒலி கேட்டால் டர்போ அழுத்திய காற்று எங்கோ கசிகிறது. இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும் இடமே கசியும் இடம். சீறலும் புகையும் இல்லாமல், சமதளத்தில் நன்றாக ஓடி, முழு பாரத்துடன் ஏறும்போது மட்டும் மூச்சுமுட்டினால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பாரமற்ற நிலையில் எஞ்சின் கேட்கும் எரிபொருள் குறைவு என்பதால் பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடுகிறது. எரிபொருளில் தண்ணீர் என்ற விளக்கு எரிந்தால் அதே இடத்தில் வடிகட்ட வேண்டும். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினால் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து கெடும்.

இழுவைக் குறைவுடன், எக்ஸாஸ்ட் புகையைத் தடுத்து எஞ்சினாலேயே வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வலுவிழந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்காக வேலை செய்வது பெரும்பாலும் டர்போவின் அசையும் பாகங்களே. புகைக்கரி படிந்து அவை சிக்கிக்கொண்டால் ஏற்றத்தில் காற்றழுத்தம் தாமதமாக ஏறும், இறக்கத்தில் பிடிப்பு குறையும்.

கரி வடிகட்டியான டிபிஎஃப் நிரம்பி வண்டி தானே சக்தியைக் குறைப்பது தனி வகை. பாரம் இழுத்து நெடுந்தூரம் ஓடும் வண்டியின் எக்ஸாஸ்ட் எப்போதும் சூடாகவே இருப்பதால், அதன் டிபிஎஃப் பெரும்பாலும் தானாகவே சுத்தமாகிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வண்டி அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டால், குறையை வடிகட்டியில் தேடாமல் அதற்கு முந்தைய கட்டங்களில், அதாவது கசியும் இன்டர்கூலர் ஹோஸ், ஒழுகும் இன்ஜெக்டர், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு சிக்கியிருப்பது ஆகியவற்றில் தேட வேண்டும். இரவு முழுவதும் எஞ்சினை ஐடிலில் விட்டு உறங்கும் பழக்கமும் கரியைச் சேர்க்கும். சுத்திகரிப்பு நடக்கும்போது எக்ஸாஸ்ட் ஆயிரம் டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் என்பதால் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது.

எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் யூரியா திரவமான டிஇஎஃப் பற்றிய எச்சரிக்கை வந்தால், திரவத்தில் யூரியா 32.5 சதவீதம் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரால் பார்த்துவிட்டே சென்சாரைக் குறை சொல்ல வேண்டும். வெயிலில் கிடந்து பழசான குடுவைத் திரவம் அடிக்கடி இந்தத் தொல்லையைத் தரும். 12 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அது உறைந்துவிடும். தொட்டியில் சூடேற்றி இருப்பதால் வண்டி ஓடத் தொடங்கிய பின் உருகும். டிஇஎஃப் தொட்டியில் டீசலையோ, டீசல் தொட்டியில் டிஇஎஃப்பையோ தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இழுத்துச் சென்றுதான் சுத்தம் செய்ய வேண்டும். டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

அறிகுறி: இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை

மிதி கல்லைப்போல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேடுகள் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டன. மிதி தரையை நோக்கி அமுங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகியிருக்கிறது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 401 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பின் அதற்கான அளவு 284 டிகிரியாக இறங்கிவிடுகிறது. பாரம் இழுக்கும் வண்டியில் பழைய எண்ணெயை விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும். முதல் வகையில் ஆறவிட்டால் பிடிப்பு திரும்பும். பேடுகள் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்ற வேண்டும். இரண்டாம் வகையில் ஆறியபின் மிதி சரியாகிவிட்டாலும் எண்ணெயை முழுவதும் மாற்றாமல் அடுத்த மலையில் ஏறக் கூடாது.

ஆனால் இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் ஓட்டும் முறையே. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, பாரம் இழுப்பதற்கான டோ-ஹால் நிலையையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் இயக்கி, கியரை இறக்கிவிட வேண்டும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை கடல்மட்டத்துக்கு 11,000 அடிக்கு மேல் ஐசன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்து இறங்கும்போது உள்ளதுபோன்ற 7 சதவீதச் சரிவில், வேகம் ஏறிய பின் கியர் இறக்க முயல்வது தாமதம். எஞ்சின் பிடித்தும் வேகம் ஏறினால், பாதுகாப்பான வேகம் 40 மைல் என்று வைத்துக்கொண்டால், 40 ஆனதும் 35க்கு இறங்கும்வரை உறுதியாக மிதித்து முழுதாக விட்டுவிட வேண்டும். காலை மெல்ல வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பேடுகளை எரிக்கிறது. ஈரமான அல்லது பனி படிந்த சாலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிட வேண்டும். அது வண்டியின் பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பதால் டிரெய்லர் முன்னே தள்ளி வண்டி மடங்கிக்கொள்ளக்கூடும்.

அறிகுறி: டிரெய்லர் பிரேக் வேலை செய்வதில்லை, அல்லது விட்டுவிட்டுச் செய்கிறது

வண்டியின் பிரேக் சூடாவதற்கு இது மறைமுகக் காரணமாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெயின் அளவு பாரத்துக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி. காலியான சமதளச் சாலையில் 20 முதல் 25 மைல் வேகத்தில் கைநெம்புகோலை முழுதாக அழுத்தி, டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் நிலை வரை கெயினைக் கூட்டி, பிறகு பூட்டாத அளவுக்குச் சிறிது குறைக்க வேண்டும். வெறும் டிரெய்லருக்கு அமைத்த அளவு பாரத்துக்குப் போதாது. பாரத்துக்கு அமைத்தது வெறும் டிரெய்லரைக் குலுக்கும்.

டிரெய்லர் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற செய்தி விட்டுவிட்டு வந்தால் ஏழுமுனை பிளக்கைப் பிரித்துப் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பரவலான நிறமுறையில் நீலக் கம்பி பிரேக்குக்கும் வெள்ளைக் கம்பி எர்த்துக்கும் உரியவை. வெள்ளைக் கம்பி டிரெய்லர் சட்டத்தில் திருகப்பட்ட இடத்தில் துரு இருந்தால் பிரேக்கும் விளக்கும் சேர்ந்தே கோளாறு செய்யும். ஆகவே பிரேக் போட்டால் விளக்கு மங்குகிறது, சைகை விளக்கு போட்டால் மறுபக்கமும் மினுக்குகிறது என்பன போன்ற விசித்திரங்கள் அனைத்துக்கும் முதல் மருந்து எர்த் இணைப்பைச் சுரண்டிப் புதிதாக இறுக்குவதே.

அடுத்தது மின்னோட்டத்தை அளப்பது. வழக்கமான மின்பிரேக் காந்தம் ஒவ்வொன்றும் முழு மின்னழுத்தத்தில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு ஆக்சில், நான்கு பிரேக் கொண்ட டிரெய்லரின் நீலக் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒருவரை நெம்புகோலை முழுதாக அழுத்தச் சொன்னால் 12 ஆம்பியர் அளவில் காட்ட வேண்டும். 9 காட்டினால் ஒரு காந்தம் துண்டிப்பு. 6 காட்டினால் பெரும்பாலும் ஒரு முழு ஆக்சிலுக்கு மின்சாரம் போகவில்லை. அளவுக்கு மீறிக் காட்டினால் எங்கோ கம்பி சட்டத்தைத் தொடுகிறது. மேடு பள்ளத்தில் மட்டும் ஷார்ட் என்று எச்சரிக்கை வந்து, நின்று சோதித்தால் ஒன்றும் அகப்படாத தொல்லைக்கு ஆக்சில் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கப் பிரேக்கிலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் கம்பி பல டிரெய்லர்களில் அந்தக் குழாய்க்குள்ளேயே இழுக்கப்பட்டிருக்கும். ஓட்டத்தில் உராய்ந்து உராய்ந்து அதன் உறை கிழிந்துவிடும். அந்தக் கம்பியைக் கைவிட்டுவிட்டு, ஆக்சிலுக்கு வெளியே பாதுகாப்பு உறையில் புதுக்கம்பி இழுப்பதே நிலையான தீர்வு.

மின்சாரம் சரியாக இருந்தும் ஒரு சக்கரம் பிடிக்காவிட்டால் டிரம்மைக் கழற்ற வேண்டும். கிரீஸ் முனை வழியே அளவுக்கு மீறி அழுத்திய கிரீஸ், பின் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் படிந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி. எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது; மாற்றத்தான் வேண்டும். இறுதியாக, டிரெய்லர் பிரிந்துபோனால் தானே பிரேக் போடும் அவசர ஸ்விட்ச்சின் ஊசியை இழுத்துப் பாருங்கள். 15 நிமிடம் பிடித்துவைக்க வேண்டும் என்பது விதி. அது பிடிக்காவிட்டால் அதன் சிறு பேட்டரி செத்திருக்கிறது. சோதனையின்போது ஏழுமுனை பிளக்கைக் கழற்றிவிடுவது அவசியம்.

அறிகுறி: ஹப் அல்லது டயர் சூடாகிறது

சரக்கைக் கட்டிப் புறப்பட்டபின் முதல் 50 மைலுக்குள் நிறுத்திக் கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. அந்த நிறுத்தத்திலேயே அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு ஹப்பையும் டயரையும் அளந்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேடுவதைவிட, ஒன்றோடொன்று ஒப்பிடுவதே சரியான முறை. மற்ற ஹப்புகள் 130 காட்ட ஒன்று மட்டும் 200 காட்டினால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்ற வேண்டும்: உரசி நின்றால் பிரேக், கரகரத்தால் பேரிங், மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தட்டினால் பேரிங் தளர்வு. சூரியன் ஒரு பக்கம் அடிக்கும்போது அந்தப் பக்கத்து டயர்கள் எல்லாமே சற்றுக் கூடுதலாகக் காட்டும், அது பழுதாகாது.

டயரின் சூட்டுக்குக் குறைந்த அழுத்தமும் கூடிய பாரமும் கூடிய வேகமுமே காரணங்கள். எஸ்டி வகை டிரெய்லர் டயர்களில் வேறு வேகக்குறி அச்சிடப்படவில்லை என்றால் மணிக்கு 65 மைல்தான் வரம்பு. சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. காற்றை இறக்கக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள தேதிக்குறியின் கடைசி நான்கு எண்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூவெல்லாம் புதிதாகத் தெரிந்தாலும், பல ஆண்டு வெயிலில் நின்ற டிரெய்லர் டயரை நம்பி முழு பாரம் ஏற்ற வேண்டாம். இரட்டைப் பின்சக்கர வண்டியில் உள்டயரின் காற்று குறைந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் வெளிடயர் சூடாகும். டயரைத் தட்டிப் பார்ப்பதை நம்பாமல், நீட்டிய வால்வு பொருத்தி மீட்டரால் அளக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 மைலுக்குள் நட்டுகளை டார்க் ரென்ச்சால் மீண்டும் இறுக்குவது கட்டாயம்.

அறிகுறி: புறப்படும்போது அதிர்வு, அல்லது டொக் என்ற ஒலி

நின்ற நிலையிலிருந்து பாரத்துடன் நகரும்போது மட்டும் தரை அதிர்ந்து, வேகம் ஏறியதும் மறைந்தால், இரண்டு துண்டாக உள்ள டிரைவ் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைப் பாருங்கள். அதன் ரப்பர் கிழிந்திருக்கலாம். கிழியாமலிருந்தும் அதிர்ந்தால், பின்புறம் மிகவும் அமுங்கி ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது. எடைச் சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் டொக் என்று ஒலித்தால், டிரெய்லரைக் கழற்றிவிட்டு வெறும் வண்டியை முன்னும் பின்னும் மாற்றி நகர்த்திப் பாருங்கள். ஒலி அப்போதும் இருந்தால் யூ-ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. டிரெய்லருடன் மட்டும் ஒலித்தால் ஹிட்ச் தண்டுக்கும் ரிசீவருக்கும் இடையிலுள்ள இடைவெளியோ, கூஸ்நெக் பந்துக்கும் கப்ளருக்கும் இடையிலுள்ள தேய்மானமோ காரணம். கப்ளரின் பூட்டுத் தகட்டையும் பாதுகாப்பு ஊசியையும் கையால் இழுத்துச் சோதித்து, பந்தின் கழுத்து நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் பூட்ட வேண்டும்.